பேய்க்கும் உடம்பு வேண்டும்!

சினிமாக் கொட்டகையில் விளக்கை அணைத்தவுடன் நாம் எல்லோருமே கொஞ்சம் குழந்தைகளாகிவிடுகிறோம். "எல்லாம் பொய்! ரப்பரும் சாயமுந்தான்" என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தைரியம் சொல்லுகிறாரே, அந்த மனிதர்தான் திரையில் கதவு மெல்லத் திறக்கும்போது முதலில் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொள்ளுகிறார். காசு கொடுத்துப் பயத்தை வாங்குகிற பிராணி உலகத்தில் மனிதன் ஒருவன்தான்!

காசு கொடுத்தால் சரக்கு ஒழுங்காக வந்து சேர வேண்டாமா? அங்கேதான் இப்போது சண்டை. "அந்தக் காலத்துப் பேய் நிஜமாகவே பயமுறுத்தியது, இப்போது வருகிற கம்ப்யூட்டர் பேயைப் பார்த்தால் கொட்டாவிதான் வருகிறது" என்பது ஒரு கட்சி. "அந்தக் காலத்து ரப்பர்ப் பேயைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது" என்பது எதிர்க் கட்சி. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்லுவதற்கு முன்னால் சாட்சிகளை விசாரிப்பதுதானே முறை? பேயின் தோலுக்குள்ளே இருந்தவர்களையும், அந்தத் தோலைச் செய்தவர்களையும் கூப்பிடுகிறேன். நீங்களே நீதிபதியாக இருந்து கேளுங்கள்.

பெயர் இல்லாத நடிகர்

1931-ல் ஹாலிவுட்டில் யூனிவர்ஸல் கம்பெனியார் 'பிராங்கன்ஸ்டைன்' என்ற படத்தை எடுத்தார்கள். பிணங்களின் அங்கங்களை ஒட்டுப்போட்டு ஒரு விஞ்ஞானி உயிர் கொடுத்துவிடுகிறான். அந்த உருவம் எழுந்து நடக்கிறது. இதுதான் கதை. படத்தின் ஆரம்பத்தில் நடிகர்களின் பெயர்ப் பட்டியல் வந்தது. அந்த உருவமாக நடித்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருந்தது, தெரியுமா? ஒரு கேள்விக்குறி!

ஜனங்களின் ஆவலைக் கிளப்பச் செய்த தந்திரம் அது. கேள்விக்குறிக்குப் பின்னால் இருந்தவர் போரிஸ் கார்லாஃப். அப்போது அவருக்கு வயது 43. இருபது வருஷங்களாக நாடகத்திலும் சினிமாவிலும் சில்லறை வேஷங்கள் போட்டுக் காலம் தள்ளியவர். ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக்காரர் தினமும் சுமார் நாலு மணி நேரம் அவரை உட்கார வைத்துப் பஞ்சும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டி, மண்டையைத் தட்டையாக்கினார். கண் இமைகளில் மெழுகு. முகத்தில் பச்சை கலந்த சாம்பல் சாயம். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது பிணத்தின் நிறமாகத் தெரியும். கார்லாஃபின் வாயில் ஒரு பக்கம் கட்டுப் பல் இருந்தது. அதைக் கழற்றிவிட்டார். கன்னம் குழிந்தது! காசில்லாமல் கிடைத்த மேக்கப்.

காலில் கனமான பூட்ஸ். கோடை காலத்தில், கொதிக்கிற விளக்குகளின் கீழே, இத்தனையும் சுமந்துகொண்டு அவர் நடந்தார். அந்த நடையைப் பார்த்து உலகமே நடுங்கியது. படத்தின் முடிவில் விஞ்ஞானியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டின் மேல் ஏறுகிற கட்டம் ஒன்று உண்டு. அதைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அதனால் வந்த முதுகு உபத்திரவம் கார்லாஃபை ஆயுள் முழுதும் விடவில்லை.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. 1933-ல் ஹாலிவுட் நடிகர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தபோது, அதில் முதலில் சேர்ந்த சிலரில் கார்லாஃபும் ஒருவர். நேரங்காலம் இல்லாமல் வேலை வாங்குவதைத் தடுப்பது அந்தச் சங்கத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. திரையில் ஊரையே விரட்டிய பூதம், வெளியே வந்து எட்டு மணி வேலைக்காரனைப் போல் நியாயம் கேட்டது!

இந்தச் சங்கதியை மறந்துவிடாதீர்கள். கடைசியில் இதற்குத் திரும்ப வருவோம்.

சாயம் பூசாத வில்லன்

"பேய்க்குத்தானே இத்தனை சிங்காரம்? மனித வில்லனுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பீர்கள். சில சமயம் ஒன்றுமே வேண்டாம்.

1960-ல் ஆல்ஃப்ரெட் ஹிச்சாக் 'ஸைக்கோ' எடுத்தபோது, கொலைகாரன் வேஷத்துக்கு முரட்டு மீசைக்காரர் யாரையும் தேடவில்லை. ஆந்தனி பெர்க்கின்ஸ் என்ற மெலிந்த வாலிபரைப் போட்டார். கூச்சப்பட்டுப் பேசுவார், விருந்தாளிக்கு ஸாண்ட்விச்சும் பாலும் கொண்டுவந்து வைப்பார், பெண் பார்க்க வந்தால் சம்மதம் சொல்லிவிடலாம் போல இருப்பார். பயம் அங்கேதான் இருக்கிறது. படத்தில் பேர்பெற்ற குளியலறைக் காட்சி முக்கால் நிமிஷந்தான் ஓடுகிறது. அதை எடுக்க ஏழு நாள் ஆயிற்று. ரத்தமாக ஓடியது சாக்லேட் பாகு! கத்தி பாய்கிற சத்தம் முலாம்பழத்தைக் குத்தி எடுத்தது. இது தெரிந்த பிறகும் பார்த்துப் பாருங்கள். வயிற்றில் என்னவோ செய்கிறது.

1991-ல் வந்த 'தி ஸைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தில் ஆந்தனி ஹாப்கின்ஸ் நரமாமிசம் தின்கிற டாக்டராக வருகிறார். இரண்டு மணி நேரப் படத்தில் அவர் அரை மணி நேரங்கூட முழுதாகத் தோன்றுவதில்லை. துப்பறியும் பெண் முதன் முதலில் அவருடைய சிறை அறைக்கு வரும்போது, மற்றக் கைதிகளைப் போல் கத்தவில்லை. கம்பியைப் பிடித்து ஆட்டவில்லை. அறையின் நடுவே நேராக நின்றுகொண்டு, "வாருங்கள்" என்பது போல் பார்க்கிறார். கண் கொட்டாமல் பார்க்கிறார். மரியாதை தெரிந்த மனிதர்! அந்த மரியாதைதான் முதுகுத் தண்டைச் சில்லிடச் செய்கிறது. சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பார்த்த மாத்திரத்தில் "இவன் கெட்டவன்" என்று எழுதி ஒட்டியிருந்தால் நாம் ஜாக்கிரதையாகிவிடுவோம். நமக்குத் தெரிந்தவர் ஒருவருடைய சாயல் அவனிடம் இருக்க வேண்டும். அந்த உண்மை இல்லாத வில்லன், எத்தனை பெரிய கம்ப்யூட்டரில் பிறந்தாலும், கோயில் திருவிழாவில் விற்கிற முகமூடிதான்.

மக்கர் பண்ணிய சுறா

நிஜமான பொருளை வைத்துப் படம் எடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. அது சொன்னபடி கேட்காது. ஸ்டீவன் ஸ்பீல்பர்க் இளம் டைரக்டராக 1974-ல் 'ஜாஸ்' படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். மனிதர்களைத் தின்னும் ராட்சதச் சுறாவைப் பற்றிய கதை. மூன்று இயந்திரச் சுறாக்கள் செய்தார்கள். கடலில் இறக்கினார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்தது. சுறா மக்கர் பண்ணியது. 55 நாளில் முடிக்கத் திட்டமிட்டிருந்த படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது.

என்ன செய்வது? சுறா இல்லாமலே சுறாப் படம் எடுத்தார் ஸ்பீல்பர்க்! தண்ணீருக்குக் கீழேயிருந்து காமிரா பார்க்கிறது. சுறாவின் கண்ணே அதுதான் என்று நாம் நினைத்துக்கொள்ளுகிறோம். மஞ்சள் பீப்பாய் ஒன்று அலையைக் கிழித்துக்கொண்டு வருகிறது. அதன் அடியில் சுறா இருக்கிறதென்று நாமே கற்பனை செய்கிறோம். ஜான் வில்லியம்ஸ் இரண்டே இரண்டு ஸ்வரங்களை வைத்துக்கொண்டு நம் நெஞ்சைப் படபடக்க வைக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் சுறா நன்றாகத் தலையைக் காட்டுகிறது. 1975-ல் படம் வெளியாயிற்று. அந்தக் கோடையில் கடலில் குளிக்கப் பயந்தவர்கள் அநேகம்.

சுறா ஒழுங்காக வேலை செய்திருந்தால், முதல் ரீலிலேயே அதைக் காட்டி ஆசையைத் தீர்த்துக்கொண்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் பேய்க்கு ஜுரம் வராது, மக்கர் பண்ணாது, எத்தனை முறை கூப்பிட்டாலும் வரும். அதனாலேயே அதை அடிக்கடி கூப்பிட்டுவிடுகிறார்கள். அடிக்கடி வருகிற விருந்தாளிக்கு என்ன மதிப்பு?

22 வயசு வாலிபன்

கையால் செய்த பயங்கரத்தின் சிகரம் என்று ரசிகர்கள் சொல்லுவது 1982-ல் ஜான் கார்ப்பென்டர் எடுத்த 'தி திங்' என்ற படம். தென் துருவத்துப் பனிப் பிரதேசத்தில் ஒரு ஆராய்ச்சி முகாம். வேற்றுக் கிரகத்து ஜந்து ஒன்று அங்கே புகுந்து, யாரை விழுங்குகிறதோ அவரைப் போலவே உருவெடுத்துக்கொள்ளுகிறது. பக்கத்தில் நிற்கிற சிநேகிதன் சிநேகிதன்தானா? இதைவிடப் பெரிய திகில் வேறு என்ன வேண்டும்?

அந்த ஜந்துக்களைச் செய்தவர் ராப் பாட்டின். வயது 22! ரப்பர், மயோனேஸ், மசித்த சோளம், உருக்கிய பபிள் கம் முதலியவற்றை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ராத்திரி பகல் பாராமல் உழைத்தார். ஸ்டூடியோவிலேயே சாப்பாடு, ஸ்டூடியோவிலேயே தூக்கம். வேலை முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. உடம்பு அவ்வளவு ஓய்ந்து போயிருந்தது. நாய் உருமாறுகிற காட்சிக்கான பொம்மையை மட்டும் ஸ்டான் வின்ஸ்டன் என்ற மற்றொரு நிபுணர் செய்து கொடுத்தார். பெயர் அந்த வாலிபனுக்கே போகட்டும் என்று, தமக்குப் பட்டியலில் பெரிய இடம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். தொழிலில் இப்படியும் மனிதர்கள்!

படத்தில் ஒரு கட்டம். படுத்திருக்கிறவரின் மார்பு திடீரென்று வாயைப் போல் பிளந்து டாக்டரின் இரண்டு கைகளையும் கடித்துவிடுகிறது. டாக்டராக நடித்தவர் நகர்ந்துகொள்ள, அந்த ஒரு நிமிஷத்துக்கு அங்கே நின்றவர் விபத்து ஒன்றில் இரு கைகளையும் இழந்த மனிதர். அவர் முகத்தில் நடிகரின் முகத்தைப் போன்ற முகமூடி. தோளில் போலிக் கைகள். தமக்கு நேர்ந்த நஷ்டத்தை நாலு பேர் அலறும்படியான வித்தையாக மாற்றிக் காட்டினார் அவர்.

எதிரே ஒரு பொருள் இருப்பதனால் நடிகர்களுக்கு உண்டாகிற பலனும் கொஞ்சநஞ்சமல்ல. 1979-ல் வெளியான 'ஏலியன்' படத்தில் சாப்பாட்டு மேஜையில் ஒருவருடைய மார்பைப் பிளந்துகொண்டு ஒரு குட்டி ஜந்து வெளியே வருகிறது. வரப்போகிறது என்பது நடிகர்களுக்குக் கதையில் படித்துத் தெரியும். எவ்வளவு ரத்தம் தெறிக்கும் என்பதை டைரக்டர் சொல்லவில்லை! வெரோனிகா கார்ட்ரைட் என்ற நடிகையின் முகத்திலேயே அது பீச்சி அடித்தது. அவர் பின்வாங்கி விழுவது நடிப்பல்ல. இப்போதோ பல படங்களில் நடிகருக்கு எதிரே பச்சைத் திரையும், குச்சியில் செருகிய டென்னிஸ் பந்துந்தான். பந்தைப் பார்த்து எத்தனை நேரந்தான் பயப்படுவார், பாவம்!

வேலை போன நிபுணர்

1993-ல் வந்தது 'ஜுராஸிக் பார்க்'. பில் டிப்பெட் என்பவர் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படம் பிடிப்பதில் கைதேர்ந்தவர். ஓடுகிற டினோஸார்களை அவர்தான் செய்வதாக இருந்தது. அதற்குள் வேறு சிலர் கம்ப்யூட்டரில் ஒரு டினோஸாரை ஓடவிட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். டினோஸார் இனத்தைப் போலத் தம் தொழிலும் அழிந்தது என்றாராம் டிப்பெட். ஸ்பீல்பர்க் அந்தப் பேச்சைச் சற்று மாற்றிப் படத்திலேயே சேர்த்துவிட்டார்.

ஆனால் டிப்பெட்டை அவர் வீட்டுக்கு அனுப்பவில்லை. பிராணி எப்படி நடக்கும், எங்கே பாரம் விழும், எப்போது மூச்சு வாங்கும் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, டிப்பெட்டுக்குத் தெரியும். அவர் சொல்லிக் கொடுத்தார். இன்னொரு பக்கம் ஸ்டான் வின்ஸ்டன் கோஷ்டியார் பல டன் கனமுள்ள இயந்திர டினோஸாரைச் செய்தார்கள். மழைக் காட்சியில் அதன் ரப்பர்த் தோல் தண்ணீரைக் குடித்துவிட்டு உடம்பெல்லாம் நடுங்கியது; துண்டால் துடைத்து உலர்த்தினார்கள்! படம் முழுவதிலும் டினோஸார்கள் தோன்றுவது சுமார் 15 நிமிஷந்தான். அதில் கம்ப்யூட்டரின் பங்கு பாதிக்கும் குறைவு. கையும் கம்ப்யூட்டரும் சேர்ந்த அந்தக் கல்யாணம் இன்றைக்கும் பழசாகவில்லை.

டிப்பெட்டும் பொம்மைகளைக் கைவிடவில்லை. சுமார் 30 வருஷங்களாக இடையிடையே வேலை செய்து 'மேட் காட்' என்ற பொம்மைப் படத்தை 2021-ல் வெளியிட்டார்.

எல்லாக் கல்யாணமும் இப்படிப் பொருந்துவதில்லை. 2011-ல் 'தி திங்' கதைக்கு முன்கதையாக அதே பெயரில் மற்றொரு படம் வந்தது. அலெக் கில்லிஸ், டாம் உட்ரஃப் இருவரும் பழைய முறையில் ஜந்துக்களைக் கையால் செய்து, படமும் பிடித்தாயிற்று. பிற்பாடு அந்த வேலையில் பெரும்பகுதியை மறைத்துக் கம்ப்யூட்டர் உருவங்களை மேலே பூசிவிட்டார்கள். ரசிகர்கள் பொருமினார்கள். அந்த இருவரும் ரசிகர்களிடமே பணம் திரட்டி, கைவேலை ஜந்துக்களை வைத்து 2015-ல் 'ஹார்பிஞ்சர் டவுன்' என்ற படத்தை எடுத்தார்கள்.

கம்ப்யூட்டர் ஏன் சில சமயம் தோற்கிறது? ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச் லைட்டை உள்ளங்கையில் அழுத்தி வைத்துப் பாருங்கள். விரல்கள் சிவப்பாக ஒளிரும். வெளிச்சம் தோலுக்குள் புகுந்து, சதையில் சிதறி, வெளியே வருகிறது. உயிருள்ள உடம்பின் அழகே அதுதான். நல்ல ரப்பர் பொம்மையின் மேல் விளக்கைப் போட்டால் இதில் பெரும்பகுதி தானாகவே நடந்துவிடும். கம்ப்யூட்டரில் இதைக் கணக்குப் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும். பாரமும் அப்படியே. பொம்மை விழுந்தால் பூமி தானாக இழுக்கும். கம்ப்யூட்டர் பூதத்துக்குப் பூமியே கிடையாது. யாராவது பொறுமையாக உட்கார்ந்து பாரத்தைக் கொடுத்தால்தான் உண்டு.

35 பேர் செய்த பூதம்

"அப்படியானால் கம்ப்யூட்டரே வேண்டாம் என்கிறீரா?" என்று கேட்டுவிடாதீர்கள். ஜப்பானுக்குப் போய் ஒரு சாட்சியைப் பார்த்துவிட்டு வருவோம்.

1954 மார்ச்சில் அமெரிக்கர்கள் பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டைப் பரீட்சித்தபோது, ஜப்பானிய மீன்பிடி படகு ஒன்றின் மேல் விஷச் சாம்பல் விழுந்தது. அதே வருஷம் நவம்பரில் 'காட்ஸில்லா' வெளியாயிற்று. குண்டு வெடித்ததால் விழித்தெழுந்து டோக்கியோவை மிதிக்கிற பூதம்! அதன் தோலுக்குள் இருந்தவர் ஹருவோ நகாஜிமா. முதலில் செய்த உடை சுமார் 100 கிலோ இருந்தது. உள்ளே உஷ்ணம் தாங்காமல் மயங்கி விழுந்திருக்கிறார். மிருகக் காட்சி சாலைக்குப் போய் யானையும் கரடியும் எப்படி நடக்கின்றன என்று பார்த்துப் பழகியவர் அவர். ரப்பர் உடைதான், ஆனால் பார்த்த ஜப்பானியர் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பூதம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

2023-ல் டகாஷி யமாஸாகி 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' எடுத்தார். இந்தத் தடவை பூதம் கம்ப்யூட்டரில் பிறந்தது. சுமார் 35 கலைஞர்கள், 610 தந்திரக் காட்சிகள். ஹாலிவுட் கணக்கில் பார்த்தால் இது விரல்விட்டு எண்ணக்கூடிய கோஷ்டி. டைரக்டரே தந்திரக் காட்சிகளுக்கும் தலைவர். கலைஞர்களின் பக்கத்திலேயே இருந்து வேலை வாங்கினார். யுத்தத்தில் சாகாமல் திரும்பியதற்காக வெட்கிக் குன்றும் ஒரு விமானியின் எதிரே அந்தப் பூதத்தை நிறுத்தினார். 2024-ல் ஆஸ்கார் பரிசு வந்தது. அந்தப் பிரிவில் ஜப்பானியப் படம் ஒன்று பரிசு பெற்றது அதுவே முதல் தடவை.

கையா கம்ப்யூட்டரா என்ற வழக்கு இங்கே தள்ளுபடியாகிறது. பேய்க்கு உடம்பு வேண்டும். அந்த உடம்பில் பாரம் இருக்க வேண்டும். எதிரே நிற்பவர் மனத்தில் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். இவற்றைக் கொடுப்பதற்கு யாரோ ஒருவர் நாள் கணக்காக உழைக்க வேண்டும். அவர் கையில் கத்தரிக்கோல் இருந்தால் என்ன, கம்ப்யூட்டர் இருந்தால் என்ன?

புலியைச் செய்தவர்கள்

அந்த "யாரோ ஒருவரை"ப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடுகிறேன்.

நம் புதுச்சேரியில் ஆரம்பமாகிற 'லைஃப் ஆஃப் பை' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கப்பல் மூழ்கிப் போய், ஒரு சிறு படகில் ஒரு பையனும் ஒரு வங்கப் புலியும் தனித்து மிதக்கிறார்கள். அது பேய்ப் படமல்ல. ஆனாலும் புலி பாயும்போது காலை மடக்கிக்கொள்ளாதவர் யார்? நிஜப் புலிகளை மாதிரியாக வைத்துக்கொண்டு, படகில் நாம் பார்க்கிற புலியைப் பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான் செய்தார்கள். ரோமம் ரோமமாகச் செய்தார்கள். செய்தவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் கம்பெனியார். மும்பையிலும் ஹைதராபாத்திலுங்கூட அவர்களுக்குக் கிளைகள் இருந்தன.

2013 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. சுமார் 250 பேருக்கு வேலை போயிற்று. அதே மாதம் 24-ந் தேதி ஆஸ்கார் விழா. சிறந்த தந்திரக் காட்சிகளுக்கான பரிசு அந்தப் புலிக்கே கிடைத்தது! மண்டபத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர் கலைஞர்கள் நியாயம் கேட்டுக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே பரிசு பெற்ற பில் வெஸ்டன்ஹோஃபர், கம்பெனியின் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தார். நேரம் ஆகிவிட்டதென்று வாத்திய கோஷ்டி குறுக்கிட்டது. மைக்கும் அடங்கிப் போயிற்று. அப்போது வாசித்த சங்கீதம் என்ன, ஊகியுங்கள் பார்க்கலாம். 'ஜாஸ்' படத்தில் சுறா வரும்போது கேட்குமே, அதே இரண்டு ஸ்வரம்!

கார்லாஃபின் முதுகு, ராப் பாட்டினின் ஆஸ்பத்திரிக் கட்டில், புலியைச் செய்தவர்களின் திவால் மனு - நம் அரை நிமிஷ அலறலுக்கு யாரோ விலை கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்ததால் அந்த விலை குறைந்துவிடவில்லை, கொடுக்கிறவர்கள் மாறியிருக்கிறார்கள்.

1931-ல் பேயின் பெயருக்குப் பதிலாகக் கேள்விக்குறி போட்டார்கள். இப்போது அப்படி இல்லை. படம் முடிந்ததும் நூற்றுக்கணக்கான பெயர்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறிப் போகின்றன. நாம்தான் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டு வாசலை நோக்கி நடந்துவிடுகிறோம். அடுத்த தடவை பேய் உங்களை நன்றாகப் பயமுறுத்தினால், அவசரப்படாமல் இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருங்கள். கேள்விக்குறிக்கு விடை அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கும்.